பத்திரம் இல்லாத வீடு

"பத்திரத்தை பேங்க் லாக்கர்ல வச்சிட்டியா?" என்று அம்மா போனில் கேட்டது 2015 அக்டோபரில். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸில், நாங்கள் வாங்கிய ஒரு படுக்கையறை வீட்டின் சாவி கைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பத்திரம் என்று ஒன்று இல்லை, இனிமேலும் வராது என்று சொன்னதும் அம்மாவுக்குக் குரலே மாறிவிட்டது. "பத்திரம் இல்லாம எப்படிடி வீடு? மாப்பிள்ளை எதுக்கும் இன்னொரு வக்கீலைப் பார்த்துட்டாரா?" பட்டா, சிட்டா, முப்பது வருட வில்லங்கம் எல்லாம் பார்த்து கும்பகோணத்தில் வீடு வாங்கிய குடும்பம் எங்களுடையது. கடைசியில் மும்பை மாட்டுங்காவில் இருக்கும் பெரியப்பாதான் அம்மாவுக்குப் புரியவைத்தார். "நம்ம பம்பாய் சொசைட்டி மாதிரிதான்மா. ஷேர் சர்ட்டிபிகேட்தான் குடுப்பான். நானும் நாற்பது வருஷமா அதை வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பெரியப்பா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. இங்கே அதற்கு கோ-ஆப் என்று பெயர். கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாம் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. பங்குகளோடு சேர்த்து, இன்ன எண் வீட்டில் நாம் குடியிருக்கலாம் என்று ஒரு நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தமும் தருவார்கள். எங்கள் வீட்டுக்கு 260 பங்குகள். சுவர், தரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் கம்பெனியுடையவை. சென்னையில் ஃபிளாட் வாங்கினால் மனையில் பிரிபடாத பங்கு என்று ஒன்றாவது நம் பேரில் பதிவாகும். அதற்கு நெருக்கமானது இங்கே காண்டோ. கோ-ஆப்பில் பதிவு அலுவலகத்தில் நம் பேரில் நிலம் என்று எதுவும் ஏறாது.

பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விலைதான் முதல் காரணம். அதே தெருவில், அதே அளவு காண்டோ எங்கள் கைக்கு எட்டவில்லை. இன்னொரு காரணம், நிலத்தின் பேரில் அடமானம் எழுதாததால் நியூயார்க் நகரத்தின் அடமானப் பதிவு வரி கோ-ஆப் கடனுக்குக் கிடையாது. காண்டோ என்றால் 5 லட்சம் டாலருக்குக் குறைவான கடனுக்கு, வாங்குபவர் தலையில் 1.8 சதவீதம் விழும். எங்கள் கடன் 2,36,000 டாலர். அதில் சுமார் 4,200 டாலர் மிச்சம். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய பணம்.

ஜாக்சன் ஹைட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 74ஆம் தெருவில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். 7ஆம் எண் ரயிலில் ஏறி மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விடலாம். 1977இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், கீழ்த்தளத்தில் கேன்டீன், தோசை. இதற்காகத்தான் நாங்கள் அங்கே தேட ஆரம்பித்தோம். அந்த ஊருக்கும் கோ-ஆப்புக்கும் உள்ள உறவு நூறு வருடத்துக்கும் மேலானது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1910களில் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வயல்வெளியாகக் கிடந்த இடத்தை வாங்கி, நடுவில் பெரிய தோட்டம் வைத்து அதைச் சுற்றி வீடுகளைக் கட்டியது. 1917இல் ரயில் வந்தது. 1920 வாக்கில் அந்த வீடுகளைக் கூட்டுறவு முறையில் விற்க ஆரம்பித்தார்கள். அப்போது யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் அங்கே இடம் கிடையாது. இன்று உலகத்தில் உள்ள அத்தனை மொழியும் கேட்கும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை கோ-ஆப்போடு கூடவே பிறந்தது. அந்த உரிமை எதற்கெல்லாம் பயன்பட்டது என்று தெரிந்த பிறகுதான், பின்னால் நானே கோ-ஆப்பின் நிர்வாகக் குழுவான போர்டில் உட்கார்ந்தபோது கையில் இருந்த பொறுப்பின் கனம் புரிந்தது.

முதலில் எங்களுக்குப் பிடித்த வீடு இதுவல்ல. இரண்டு தெரு தள்ளி, ஆறாவது மாடியில், கூடத்தின் ஜன்னல் வழியே தோட்டம் முழுவதும் தெரியும் வீடு. சமையலறையில் ஜன்னல், கீழே வழவழப்பான ஓக் மரத்தரை. மாத மெயின்டனன்ஸ் 520 டாலர்தான். புரோக்கர் அதைத்தான் பெரிதாகச் சொன்னார்: "எட்டு வருஷமா ஒரு டாலர்கூட ஏத்தலை." என் கணவர் அப்போதே சோபாவை எங்கே போடுவது என்று அடியால் அளந்துகொண்டிருந்தார்.

எங்கள் வக்கீல் வயதான அம்மாள். இங்கே வாங்குபவருக்கு ஒரு வக்கீல், விற்பவருக்கு ஒரு வக்கீல் என்பது வழக்கம். அவர் கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனமான மேனேஜிங் ஏஜெண்ட் அலுவலகத்துக்கே போய் கட்டடத்தின் கடைசி இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளை உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். அன்று மாலை போன் செய்து சொன்னதை நான் ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதிவைத்தேன். கட்டடத்தின் சேமநிதியில் 40,000 டாலர்தான் இருக்கிறது, அதுவும் 60 வீடுகளுக்கு. கொதிகலன் 6ஆம் நம்பர் எண்ணெயில், அதாவது புகை அதிகம் கக்கும் கனமான எரிஎண்ணெயில் ஓடுகிறது. அந்த எண்ணெயை நகரம் 2015க்குள் நிறுத்தச் சொல்லியிருந்தது, மாற்றும் வேலையை அவர்கள் தொடங்கவே இல்லை. லிஃப்ட் கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சில் இருக்கிறது, முடிவு இல்லை. வீடுகளில் பாதிக்கு மேல் இன்னும் ஸ்பான்சர் கையில்.

ஸ்பான்சர் என்பதை விளக்க வேண்டும். 1980களில் நியூயார்க்கில் வாடகைக் கட்டடங்களை அதன் முதலாளிகள் வரிசையாகக் கோ-ஆப்பாக மாற்றினார்கள். குடியிருந்தவர்களில் வாங்க விரும்பியவர்கள் வாங்கினார்கள், மற்றவர்கள் வாடகைக்கே தொடர்ந்தார்கள். விற்காத அந்த வீடுகளின் பங்குகள் பழைய முதலாளியிடமே தங்கின. அவர்தான் ஸ்பான்சர். அவரிடம் நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் போர்டு அனுமதி தேவையில்லை, அது ஒரு வசதி. ஆனால் பாதிக்கு மேல் அவரிடமே இருந்தால் கட்டடத்தின் குடுமி அவர் கையில். பல வங்கிகள் அந்தக் கட்டடத்தில் கடனும் தராது. நமக்கு இன்றைக்கு ஒரு வங்கி கிடைத்தாலும், நாளைக்கு நம்மிடம் வாங்க வருபவருக்குக் கிடைக்க வேண்டும்.

"எட்டு வருஷம் ஏத்தலைன்னா, எட்டு வருஷத்துப் பாக்கி உங்க தலையிலதான் விழும்," என்ற பொருளில் அந்த அம்மாள் சொன்னார். விட்டுவிட்டோம். நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அந்தத் தோட்டம் கண்ணிலேயே நின்றது. ஒன்றரை வருடம் கழித்து அதே கட்டடத்தில் இருந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தைக் கடையில் பார்த்தபோது, மெயின்டனன்ஸுக்கு மேல் மாதம் 200 டாலருக்கு மேல் சிறப்பு வசூல் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

இதைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன். கோ-ஆப்பில் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தின் கணக்கைப் பாருங்கள். ஜன்னலும் மரத்தரையும் நம்முடையவை மாதிரித் தெரியும், உண்மையில் நாம் வாங்குவது அந்தக் கணக்கைத்தான். ஆண்டுதோறும் மூன்று நான்கு சதவீதம் மெயின்டனன்ஸ் ஏற்றுகிற கட்டடத்தைப் பார்த்து எனக்குப் பயமில்லை. ஏற்றவே இல்லை என்று பெருமை பேசும் கட்டடத்தைப் பார்த்தால்தான் பயம்.

நாங்கள் கடைசியில் வாங்கியது நான்காவது மாடி, பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் செங்கல் சுவரும், அதன் இரும்புத் தீப்படிகளும், மாலை நான்கு மணிக்கு விழும் ஒரு துண்டு வெயிலும். 1938இல் கட்டிய ஆறு மாடிக் கட்டடம், 72 வீடுகள், 1986இல் கோ-ஆப்பாக மாறியது. விலை 2,95,000 டாலர். மெயின்டனன்ஸ் பங்குக்கு 2 டாலர் 65 சென்ட், 260 பங்குக்கு மாதம் 689. கட்டடத்தின் சொத்து வரி, கட்டடத்தின் பேரில் உள்ள பொதுக்கடனின் தவணை, வெப்பம், வெந்நீர், ஊழியர் சம்பளம் எல்லாம் இதில் அடக்கம். கரண்ட் தனி. ஆறு மாடி என்பதிலும் ஒரு நன்மை இருந்தது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று நகரச் சட்டம். சாரமும் பலகைக் கொட்டகையும் போட்டால் செலவு எங்கேயோ போய்விடும். எங்கள் கட்டடம் அதில் வரவில்லை.

பணம் திரட்டியதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். முன்பணம் 20 சதவீதம், 59,000 டாலர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது 45,000. நண்பர்களோடு மாதம் 500 டாலர் சீட்டு போட்டிருந்தேன், அதைத் தள்ளி எடுத்ததில் 9,200 வந்தது. பாதி ரொக்கமாக. அதை அப்படியே வங்கியில் போட்டேன். கடன் தரும் வங்கி, கடைசி இரண்டு மாத ஸ்டேட்மெண்டில் இந்தத் தொகையைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று கேட்டது. சீட்டுக்கு ரசீது ஏது? நம்பிக்கைதானே. நான் எழுதிக் கொடுத்த விளக்கம் எதுவும் எடுபடவில்லை. அந்தப் பணத்தை முன்பணக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்றுவிட்டார்கள். பிறகு அப்பா ஊரிலிருந்து அனுப்பினார், ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரம்புக்குள், அவருடைய கணக்கிலிருந்து என் கணக்குக்கு நேராக. இது அன்பளிப்பு, திரும்பக் கேட்கமாட்டேன் என்று கையெழுத்திட்ட கடிதமும் வந்தது. நம் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சீட்டோ, நகையை வைத்து வாங்கியதோ, எந்தப் பணமாக இருந்தாலும் வீடு தேடத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே உங்கள் கணக்கில் வந்து ஊறியிருக்கட்டும்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என் குடும்பப் பெயராக இருக்கிறது, சம்பளச் சீட்டில் முன்னும் பின்னும் மாறியிருக்கிறது, வரிக் கணக்கில் கணவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இதை முதல் நாளே செய்துவைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

வாங்க அனுமதி கேட்டுப் போர்டுக்குக் கொடுக்கும் அந்தக் கோப்பைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகமே ஆகும். இரண்டு வருட வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மெண்டுகள், வேலை செய்யும் இடத்துக் கடிதம், இப்போதைய வீட்டுக்காரர் கடிதம், நண்பர்கள் எழுதும் நற்சான்றுக் கடிதங்கள், சொத்து, கடன் எல்லாம் சேர்த்து ஒரு நிதி அறிக்கை. போர்டு முக்கியமாகப் பார்த்தது இரண்டு எண்களை. ஒன்று, கடன் தவணையும் மெயின்டனன்ஸும் சேர்ந்தது வருமானத்தில் எத்தனை சதவீதம். எங்களுக்கு 1,127ம் 689ம் சேர்த்து 1,816 டாலர். அந்தக் கட்டடத்தின் வரம்பு 28 சதவீதம், அப்படியென்றால் மாத வருமானம் குறைந்தது 6,500 டாலர் இருக்க வேண்டும். மற்றொன்று, எல்லாம் முடிந்த பிறகும் கையில் எவ்வளவு மிஞ்சும். ஒரு வருடச் செலவு, அதாவது ஏறக்குறைய 22,000 டாலர் மிஞ்ச வேண்டும் என்றார்கள். முன்பணத்தோடு நம் கை காலியாகிவிட்டால் அனுமதி கிடைப்பது கடினம். இந்த வரம்புகள் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நேர்காணல் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்து அறையில், இரவு ஏழரை மணிக்கு. மடக்கு நாற்காலிகள், சுவருக்கு அந்தப்பக்கம் உலர்த்தும் இயந்திரம் சுழலும் சத்தம், ஐந்து பேர். நான் பட்டுப்புடவை கட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் சட்டையோடே போனேன். எங்கே வேலை, எப்போது குடிவர உத்தேசம், சுவர் எதையாவது இடிப்பீர்களா, வாத்தியம் ஏதாவது வாசிப்பீர்களா. என் கணவர் மிருதங்கம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் முழங்காலைத் தொட்டேன். அவர் உண்மையைச் சொன்னார்: "வாசிப்பேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம்." ஒருவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். நாட்டையோ மதத்தையோ குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணத்தையோ பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது, அந்தக் காரணங்களுக்காக மறுப்பது சட்டவிரோதம். ஆனால் நாங்கள் வாங்கிய காலத்தில், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் போர்டுக்கு இல்லை. அதனால் அந்த நாற்பது நிமிடத்தில் நெஞ்சு படபடத்ததை மறைக்க முடியவில்லை. ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவதைப் பற்றி எனக்கு இருந்த கவலையை அங்கே கேட்கவில்லை. வக்கீல் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவை முன்பே பார்த்து, தடையில்லை என்று சொல்லியிருந்தார். நேர்காணலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது நல்லது, நம் சந்தேகங்களை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குடிவந்த பிறகு கற்றவை வேறு ரகம். விதிப்படி, சமையலறை, குளியலறை தவிர மற்ற தரையில் 80 சதவீதம் கம்பளம் விரித்திருக்க வேண்டும். சமையலறைதான் கம்பளம் இல்லாத இடம், என் கிரைண்டரும் அங்கேதான். கோயம்புத்தூரிலிருந்து மின்மாற்றியோடு கொண்டுவந்த கல் கிரைண்டர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓட்டினால் முக்கால் மணி நேரம். மூன்றாவது வாரம் கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்தார், எழுபது வயது இருக்கும், ஊதா நிற கவுன். கோபமாக எதுவும் பேசவில்லை. "என் கட்டில் நடுங்குகிறது, ரயில் என்று நினைத்தேன்," என்றார். என்னோடு உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் அடியில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அன்றே சலவை இயந்திரத்துக்குப் போடும் தடித்த ரப்பர் திண்டு நான்கு வாங்கினேன், அதன் மேல் நான்காக மடித்த பவானி ஜமுக்காளம். நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினேன். அடுத்த வாரம் கீழே போய் அவருடைய கட்டிலின் மேல் நானே உட்கார்ந்து பார்த்தேன், மேலே கணவர் ஓட்டினார். மெல்லிய ஒரு ரீங்காரம் மட்டும். அந்த அம்மாள்தான் இரண்டு வருடம் கழித்து என்னைப் போர்டு தேர்தலில் நிற்கச் சொன்னவர்.

தாளிக்கும் வாசனை நடைபாதைக்குப் போவதைக் கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டை தடுத்துவிட்டது. அந்தப் பகுதி 1993இல் பாரம்பரிய வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் ஜன்னல் சட்டத்தை மாற்றுவதற்குக்கூட நகரத்தின் பாரம்பரியச் சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும், சுவரைத் துளைத்து ஏசி வைப்பதும் அப்படியே. சமையலறையைக் கூடத்துப் பக்கம் நீட்டலாம் என்று ஆசைப்பட்டேன். கீழ்வீட்டுக் கூடத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய் வரக் கூடாது என்று விதி. ஆசையை விட்டேன். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம்.

2018 ஜூனில் போர்டுக்குள் போனேன், நான்கு வருடம் இருந்தேன். தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது, பங்குக்கு ஒரு ஓட்டு. என்னிடம் 260. சம்பளம் கிடையாது, மாதம் ஒரு மாலை, சில மாதம் நான்கு. கட்டடத்தின் பேரில் 28 லட்சம் டாலர் பொதுக்கடன் இருந்தது. பத்து வருடக் கடன், 5.75 சதவீதம் வட்டி, வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்தோம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் என்பதால் கெடு வரும்வரை தொட முடியவில்லை. 2019இல் கெடு வந்ததும் 3.6 சதவீதத்துக்கு மாற்றினோம். ஆண்டுக்கு 60,000 டாலர் மிச்சம். ஆண்டுக் கூட்டத்தில் பாதிப் பேர் மெயின்டனன்ஸைக் குறைக்கச் சொன்னார்கள். நியாயமான ஆசைதான், ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நிறைய. நான் எதிர்த்துப் பேசினேன். மிச்சத்தைச் சேமநிதியில் போடுவோம் என்று போர்டில் நான்கு ஓட்டுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவானது.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு ஐடா புயலின் மழை வந்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம். குவீன்ஸில் கீழ்த்தள வீடுகளில் மக்கள் செத்தார்கள், அந்த இரவை நாங்கள் மறக்கமாட்டோம். எங்கள் கீழ்த்தளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நேர்காணல் நடந்த அந்த அறையில் மடக்கு நாற்காலிகள் மிதந்தன. சலவை இயந்திரங்கள் போயின, கொதிகலனின் எரிமுனை போயிற்று. அக்டோபர் 1ஆம் தேதி வெப்பப் பருவம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரி தந்தே ஆக வேண்டும், அது சட்டம். ஒரு மாதம்கூடக் கையில் இல்லை. இன்சூரன்ஸ் வெள்ளத்தை ஏற்கவில்லை. சேமநிதியில் பணம் இருந்ததால் மறுநாளே ஆளைக் கூப்பிட முடிந்தது. மீதிக்கு பங்குக்கு 5 டாலர் சிறப்பு வசூல், எங்களுக்கு 1,300, பத்து மாதத் தவணையில். செப்டம்பர் 28 இரவு கொதிகலன் ஓடத் தொடங்கியபோது நாங்கள் நான்கைந்து பேர் சேற்றுக் காலோடு கீழேதான் நின்றிருந்தோம்.

இப்போது வாங்குபவர்கள் கேட்க வேண்டிய புதிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 2019இல் வந்த 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டப்படி, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில வாயு வெளியீட்டுக்கு வரம்பு. மீறினால் ஒரு டன்னுக்கு 268 டாலர் அபராதம், 2030இல் வரம்பு இன்னும் இறுகும். அதற்கு இந்தக் கட்டடம் என்ன திட்டம் வைத்திருக்கிறது, பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் அதுவே பதில்.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் ஒரு படுக்கையறை போதவில்லை. 2023இல் விற்க வைத்தோம். முதல் வாரமே ஒருவர் 3,75,000 டாலருக்குக் கேட்டார். இளைஞர், நல்ல பையன், வீட்டைப் பார்த்து அவர் கண் மலர்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்போது வட்டி 7 சதவீதம். 3 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 1,996, மெயின்டனன்ஸ் அதற்குள் 871 ஆகியிருந்தது, மொத்தம் 2,867. 28 சதவீத வரம்புக்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய 1,23,000 வேண்டும். அவருக்கு 1,15,000. எல்லாம் கட்டிய பிறகு கையில் 9,000 மிஞ்சும். நான்கு வருடம் இதே மாதிரிக் கோப்புகளைப் படித்தவள் நான், எனக்குத் தெரியும். இருந்தும் 3,75,000 என்ற எண் கண்ணை மறைத்தது. இரண்டரை மாதம் கழித்து போர்டு மறுத்தது. பாவம், அந்தப் பையன் அழாக் குறையாகப் பேசினார். அது என் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோ-ஆப் விற்பவர் அதிக விலை சொன்னவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. விலையை ஏற்பதற்கு முன்பே நிதி அறிக்கையை வாங்கிப் பார்த்து, போர்டில் தேறக்கூடியவரைத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் காலமும் காசும் போகும்.

அடுத்து வந்த தம்பதிக்கு 3,65,000க்குக் கொடுத்தோம். விற்கும்போது போகும் பணத்தையும் முன்பே கணக்கில் வையுங்கள். புரோக்கருக்கு 5 சதவீதம் 18,250. நகரத்தின் கைமாற்று வரி 1 சதவீதம் 3,650. மாநிலத்துக்கு 0.4 சதவீதம் 1,460. கட்டடமே வசூலிக்கும் கைமாற்றுக் கட்டணம், எங்கள் கட்டடத்தில் விலையில் 2 சதவீதம், 7,300. வக்கீலுக்கு 2,500. எல்லாம் சேர்த்து 33,160 டாலர்.

கையெழுத்து மேனேஜிங் ஏஜெண்ட் அலுவலகத்தில். 2015இல் எங்கள் பங்குச் சான்றிதழைக் கண்ணில் காட்டியதும் வங்கி வக்கீல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், கடன் அடையும்வரை அது வங்கியிடம்தான் இருக்கும். எட்டு வருடம் கழித்து அன்றுதான் மறுபடி பார்த்தேன். பச்சை ஓரம் போட்ட தடித்த காகிதம், நடுவில் 260 என்று எண்ணாலும் எழுத்தாலும், கீழே என் பெயரும் கணவர் பெயரும், என் பெயர் அந்த வாக்குமூலத்தில் இருந்தபடியே. அம்மா கேட்ட பத்திரம் இதுதான். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், எடுக்கவிட்டார்கள். அதன் பிறகு அலுவலகப் பெண் ரத்து என்ற முத்திரையைக் குறுக்கே குத்தி, புதிய சான்றிதழை எடுத்து அந்தத் தம்பதியின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

காத்திருந்தபோது அவர்கள் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டார்கள், ரேடியேட்டர் இரவில் சத்தம் போடுமா என்று. ஒரே குழாயில் நீராவி மேலே போய், அதே குழாயில் தண்ணீராகத் திரும்பும் பழைய அமைப்பு அது. அடியில் உள்ள வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லை முழுக்க மூடிவிடுங்கள், பாதியில் நிறுத்தினால் தண்ணீர் தேங்கி விடிய விடியச் சுத்தியலால் அடிப்பது மாதிரி இடிக்கும் என்றேன். தம்பதியில் அந்தப் பெண் போனில் அதைக் குறித்துக்கொண்டாள். படுக்கையறையில் இருப்பது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இடது பக்கமாக இரண்டு கையாலும் திருப்ப வேண்டும் என்றும் சொன்னேன்.